தண்ணீர் படாத துணி

எங்கள் கொல்லைப் பருத்தி எங்கே போகிறது என்று பல வருஷம் எனக்குத் தெரியாது. மண்டிக்குப் போகும், அதோடு சரி. மண்டிக்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டே விலை சொல்வார். "அமெரிக்காவுல வெளைச்சல் கூடிப்போச்சாம்மா" என்பார். அடுத்த வருஷம் போனால், "சீனாக்காரன் வாங்க மாட்டேங்குறான்" என்பார். இங்கே மழை இல்லாமல் காய் சுருங்கிக் கிடக்கும். எங்கோ நல்ல மழை பெய்துவிட்டதால் விலை இறங்கும். இந்த நியாயத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சீனாக்காரனிடம் சண்டைக்குப் போக முடியாது என்பதால் மண்டிக்காரரிடம் போடுவேன். அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். கரிசல் மண். மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம். மழையை நம்பி ஆவணி, புரட்டாசியில் விதைப்போம். தை, மாசி வெயிலில் பஞ்சு எடுப்போம். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் டிப்பர் லாரிகளின் தூசியால், ரோட்டோரச் செடிகளில் காய் வெடிப்பதற்கு முன்பே இலை வெளுத்துவிடும். என் கணவர் அப்படி ஒரு லாரியைத்தான் ஓட்டினார். ஆலத்தியூர் ரோட்டில் ஒரு விடிகாலை லாரி கவிழ்ந்து இறந்துபோனார். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து கொல்லையை நான்தான் பார்க்கிறேன்.

வெளிநாட்டுத் துணிக் கம்பெனி ஒன்றின் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. மண்ணையும் மனுஷரையும் கெடுக்காமல் விளைந்த பருத்தி வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டை வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம். அப்படி விளைவித்துக் கொடுத்தால் மண்டிக்குப் போக வேண்டாம், அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள், எடையும் விலையும் நேராக இருக்கும் என்றார்கள். பெண்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். நான் பிளஸ் டூ முடித்தவள் என்பதால் என்னையும் ஒரு பொறுப்பில் போட்டார்கள். நானும் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று ஏற்றுக்கொண்டேன்.

திட்டத்தின் ஆளாக ஒரு பெண் ஸ்கூட்டியில் வருவாள். அரியலூர்ப் பக்கம் ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவள், கல்யாணம் ஆகாதவள். எல்லோரையும் அக்கா என்று கூப்பிடுவாள். எந்த மருந்து அடிக்கக் கூடாது, வேப்பெண்ணெயை எப்படிக் கலப்பது, காலி பாட்டிலை என்ன செய்வது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். யூரியா சாக்கில் பஞ்சைத் திணிக்காதீர்கள், பிளாஸ்டிக் நார் ஒட்டும் என்றாள். அதெல்லாம் எங்களுக்கு நல்லதாகத்தான் பட்டது. மருந்தடித்த அன்று மூச்சு முட்டிக் கிடந்தவர்கள் எங்களில் பலர் உண்டு. அந்த முதல் வருஷம் கொல்லையில் பொன்வண்டைப் பார்த்தோம், என் மகள் அதைத் தீப்பெட்டியில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனாள்.

இரண்டாம் வருஷம் பஞ்சு எடுக்கும் பருவத்தில் முடி விவகாரம் வந்தது. எங்கள் தலைமுடி பஞ்சில் விழுகிறதாம். நூலில் சிக்கி, துணியில் ஏறி, சாயம் போடும்போது அந்த இடம் மட்டும் கோடு கோடாகத் தெரிகிறதாம். மூட்டையில் முடி இருந்தால் இனி எடுக்க மாட்டார்களாம். திருச்சியைத் தாண்டாத நாங்கள் இங்கே இருக்க, எங்கள் முடி கப்பலேறிப் போயிருக்கிறதே என்று சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே பையைப் பிரித்து, ஆளுக்கொரு துணி எடுத்து நீட்டினாள். வெள்ளைவெளேர் என்று, மடிப்புக் கலையாத பருத்தித் துணி.

"இதத் தலையில கட்டிக்கிட்டுத்தாங்க்கா பஞ்சு எடுக்கணும். பழைய சேலை, துண்டெல்லாம் வேணாம், அதுல இருக்கிற கலர் நூலும் பஞ்சுல ஒட்டுது" என்றாள். ஒருத்தியும் கை நீட்டவில்லை. துணி சுத்தமில்லை என்று தயங்குகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, "புதுசுங்க்கா, ஒரு தடவகூடத் தண்ணி படாதது" என்றும் சொல்லிவிட்டாள்.

அதைக் கேட்டதும் எங்களில் ஒருத்தி எழுந்து வீட்டுக்கே போய்விட்டாள். புருஷன் செத்த வீட்டில், பெண்ணின் பிறந்த வீட்டுக்காரர்கள் கடையில் வாங்கிய புதுத் துணியைத் தண்ணீரில்கூட நனைக்காமல் கொண்டுவந்து அவள் தலையில் போடுவார்கள். கோடி போடுவது என்று பெயர். பல ஊர்களில் இன்று கலர் சேலையே போடுகிறார்கள். எங்கள் பக்கம் அது இன்னும் வெள்ளைதான். அது தலையில் விழுந்துவிட்டால் அப்புறம் அவளுக்குப் பூ இல்லை, மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. அப்படிப்பட்ட துணியை, புருஷன் உயிரோடு இருக்கிற அத்தனை பெண்களின் தலையிலும் போடச் சொல்லி, கடல் தாண்டி யாரோ கொடுத்துவிட்டிருந்தார்கள்.

என் கணவர் இறந்தபோது எனக்கும் போட்டார்கள். கீழப்பழுவூரிலிருந்து என் அண்ணன் வந்தான். அழுதுகொண்டே துணியைப் பிரித்துத் தலையில் போட்டான். துணிக்குள் கஞ்சி வாடை. வெளியே எல்லோரும் கத்தி அழ, எனக்கு அந்த வாடையில் குமட்டிக்கொண்டு வந்தது. இனி வெள்ளை என் தலையில் ஏறாது என்று அந்தத் துணிக்குள்ளேயே முடிவு செய்தேன். காரியம் முடிந்ததும் என் ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். என் கணவரின் அக்கா, என் நாத்தனார், உள்ளூரில்தான் வாழ்க்கைப்பட்டவர். அவர் கொல்லையும் என் கொல்லையும் ஒரே வரப்பு. அந்த வெள்ளாமை முடியும்வரை என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசிவிட்டார். பேசாமல் இருப்பது அவர் உடம்புக்கு ஆகாது.

துணியை மஞ்சளில் முக்கிக் கட்டிக்கொள்கிறோம் என்று மற்ற பெண்கள் கேட்டார்கள். திட்டத்துப் பெண் ஆபீசுக்குப் போன் போட்டாள். ஆபீஸ் வெளிநாட்டைக் கேட்டது. எந்தச் சாயமும் கூடாது, வெளுத்த துணிதான் வேண்டும் என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு சேதி: கம்பெனியிலிருந்து ஒரு அம்மா நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள், துணி கட்டாத குழுவின் பருத்தி இந்த வருஷம் வேண்டாம். குழுவோடு சேர்ந்து அந்தப் பெண்ணின் வேலையும் தொங்கலில் நின்றது.

எல்லோரும் கூடிப் பேசினோம். பேசினோம் என்ன, ஆளாளுக்குத் தரையைப் பார்த்தோம். மறுபடி மண்டியா என்று நினைத்தாலே வயிறு எரிந்தது. அப்போதுதான் நாத்தனார் வாயைத் திறந்தார். "முன்னால ஒரு ஆளாவது கட்டிக்கிட்டு நின்னா அவங்களுக்கு மனசு குளுந்துடும். இவளுக்கென்ன, இவ கட்டிக்கலாம்ல?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எரிகிற வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் காட்டுவதுபோலத்தான் சொன்னார். சுற்றி இருந்தவர்களும் அப்பாடா என்று மூச்சு விட்டதை நான் கேட்டேன். எனக்குத்தான் உச்சந்தலையில் சூடேறியது.

"எனக்கு ஒரு தடவ போட்டாச்சு அண்ணி. ஒரு ஆளுக்கு எத்தன தடவ போடுவீங்க?" என்றேன்.

கூட்டம் கலைந்தது. அந்தப் பெண் மட்டும் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தாள். என்னவென்று கேட்டாள், சொன்னேன். முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு நெசமாவே தெரியாதுக்கா. தண்ணி படாததுன்னு வேற சொல்லிட்டேன்" என்று அழுதாள். என்னைக் கட்டச் சொல்லி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கட்டுவது என்று நானேதான் முடிவெடுத்தேன். வீம்புதான். துணிக்கு என்ன தெரியும், எனக்கு என்ன நடந்தது என்று? இந்த சாஸ்திரத்தையெல்லாம் நம்பாதவள் நான் என்றால், துணியைக் கண்டு ஏன் நடுங்க வேண்டும்? களைக்கொல்லி அடிக்காமல், கையால் களையெடுத்துக் குனிந்து குனிந்து வளர்த்த பஞ்சு. அது திரும்பவும் மண்டிக்காரரின் செல்போனுக்கு அடங்கிப்போக வேண்டாம் என்று இருந்தது. அவர்கள் வருகிற அன்று காலை கண்ணாடி முன் நின்று, தலையில் போட்டு, பின்னால் இறுக்கி முடிந்தேன். அதே கஞ்சி வாடை அடித்தது. கண்ணாடியைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன்.

பருத்தியை எடுத்துக்கொண்டார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவத்திலிருந்து வெளுக்காத, பழுப்பாக இருக்கும் துணியும் வந்தது. நான் சொல்ல வந்தது அது இல்லை.

வந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். வெயிலில் மூக்கு சிவந்து, கரிசல் ஒட்டிய பூட்சோடு தத்தித் தத்தி நடந்தார்கள். அந்தப் பெண் எங்களை ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தாள். புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையும் கலர் துண்டுமாக மற்றவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். வெள்ளைத் துணியோடு முன்னால் நான் ஒருத்தி. அந்த அம்மாவின் பார்வை நேராக என்மேல் விழுந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, படம் எடுத்தார்கள். நல்ல மனுஷிதான். செல்போனில் தன் வீட்டுக்காரரையும் குழந்தையையும் காட்டினார்கள். பிறகு தானும் எடுப்பேன் என்று செடிக்குள் இறங்கி, சருகும் பஞ்சுமாகப் பிய்த்தார்கள். அவர்கள் முடி சோளக்கதிர் நார்போல மஞ்சளாக, காற்றில் பறந்து செடியெல்லாம் ஒட்டியது.

பின்வரிசையிலிருந்து நாத்தனாரால் சும்மா இருக்க முடியவில்லை. "இவங்க முடி விழுந்தா பஞ்சுல கண்டே புடிக்க முடியாதேடி" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என்ன என்று அந்த அம்மா கேட்க, அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். அவர்களும் கைதட்டிச் சிரித்தார்கள். பிறகு, சட்டம் எனக்கும் உண்டுதானே என்று பையிலிருந்து புது வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, என் முன்னால் வந்து, என்னிடமே நீட்டினார்கள். கட்டிவிடு என்று தலையைத் தாழ்த்தினார்கள்.

துணியை விரித்தேன். அதுவரை ஒன்றும் இல்லை. தலைக்கு மேலே தூக்கினேன், அப்புறம் கை இறங்க மாட்டேன் என்றது. குனிந்திருந்த தலையில் வகிடு தெரிந்தது. சற்றுமுன் செல்போனில் சிரித்த அவர்கள் வீட்டுக்காரரின் முகம் தெரிந்தது. நம்பாதவள் என்று இத்தனை வருஷம் மார்தட்டியவள் நான். என் தலையில் நானே கட்டிக்கொண்டவள். இன்னொருத்தியின் தலையில் போட என்னால் முடியவில்லை. பயம்தான். முகம் தெரியாத ஊரில் இருக்கிற அந்த மனுஷனுக்கு என் கையால் எதுவும் ஆகிவிடக் கூடாது என்ற பயம். துணியைச் சுருட்டி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டார்கள். அது எனக்கே புரிந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், சொல்லட்டுமா என்பதுபோல. தலையாட்டினேன். அவள் எதையும் பூசி மெழுகவில்லை. சாவு, புதுத் துணி, பிறந்த வீடு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. பின்வரிசையின் கலர்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் தலையில் பார்வையை நிறுத்தினார்கள். தணிந்த குரலில் ஏதோ கேட்டார்கள்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஒங்களுக்கு இத யாரு போட்டுவிட்டாங்கன்னு கேக்குறாங்க்கா."

நானேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் செடிகள் விலகும் சத்தம் கேட்டது. நாத்தனார் வரிசையை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாங்கதான்னு சொல்லும்மா" என்றார்.