பேப்பர் தட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு எச்.ஐ.வி. பற்றி ஒரு வகுப்பு நடந்தது. கோவையிலிருந்து வந்த டாக்டர் மதியம் முழுக்கப் பேசினார். தொட்டால் வராது, ஒன்றாகச் சாப்பிட்டால் வராது, யாருக்கு இருக்கிறதென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் ரத்தம் எடுக்கும்போது எல்லோருக்கும் கையுறை போடுங்கள் என்றார். தலையாட்டினோம். டீயும் வடையும் வந்தன. அடுத்த வாரமே எங்கள் லட்சணம் தெரிந்துவிட்டது.

சூலூர்ப் பக்கம் தறி ஓட்டும் பெண் ஒருத்தி கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. வருஷக்கணக்காக மருந்தைத் தவறாமல் சாப்பிட்டுக் கிருமியை அடக்கி வைத்திருந்தாள். புருஷன் விபத்தில் போனபின் மாமியாரோடு இருக்கிறாள். வந்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், எங்க அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா ஊட்டுல சேத்த மாட்டாங்க. எனக்குப் போக வேற எடமில்லைங்க."

அந்த அத்தை ரசஞ்சோற்றைப் பிசைந்து மருமகளுக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை அதே தட்டில் தானும் சாப்பிடுவார்.

மாமியாரிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. அந்த மட்டில் எங்கள் ஆட்கள் உத்தமிகள். ஆனால் அவள் கட்டிலைக் குளியலறைப் பக்கம் தள்ளிப் போட்டார்கள். எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டில் இட்லி, அவளுக்கு மட்டும் பேப்பர் தட்டு. "இந்தாங்க அம்மணி, மாத்திரை சாப்பிட்டுக்குங்க" என்று தேனாகப் பேசுவார்கள். இரண்டு கையுறை போட்ட கையால் ஒரு சாண் உயரத்திலிருந்து மாத்திரையைப் போடுவார்கள். பக்கத்துக் கட்டிலுக்கோ வெறுங்கையால் ரத்தம் எடுத்து, ஊசிக்கு மூடியையும் கையாலேயே மாட்டுகிறார்கள். கர்மம்!

பொறுக்க முடியாமல் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனேன். "மாத்திரை குடுக்க எதுக்குங்க சிஸ்டர் ரெண்டு கையுறை? வகுப்புல நீங்களும்தானுங்க இருந்தீங்க?"

"இருந்தேன் கண்ணு. அவரு சொல்லிப்போட்டு கார்ல ஏறிப் போயிட்டாரு. எனக்கு ஊட்டுல கொழந்தைங்க இருக்குது."

"பக்கத்து பெட்டுக்கு வெறுங்கையில ரத்தம் எடுத்தீங்களே?"

"அந்தம்மா நல்ல குடும்பம். பாத்தாலே தெரியலியா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் காலை நானே எவர்சில்வர் தட்டில் இட்லி கொண்டுபோய் வைத்தேன். என் டியூட்டி முடிந்ததும் மறுபடியும் பேப்பர் தட்டு.

அதற்கடுத்த நாள் மாமியார் என்னை நிறுத்தினார். "ஏனுங்க சிஸ்டர், எம் மருமகளுக்கு மட்டும் எதுக்குங்க பேப்பர் தட்டு?"

தட்டு பற்றாக்குறை என்றேன். அவர் வார்டு முழுக்க ஒரு பார்வை பார்த்தார். மற்ற கட்டில்களில் எல்லாம் எவர்சில்வர் தட்டு.

வீட்டுக்குப் போகிற அன்று மாமியார் கடைக்குப் போய் ஒரு கட்டு பேப்பர் தட்டு வாங்கி வந்தார். ஒன்றை உருவி, ரசஞ்சோற்றை அதில் கொட்டி, கட்டில் ஓரமாக நகர்த்திவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அவள் சோற்றைத் தொடாமல் என்னைப் பார்த்தாள்.

மாமியாரை வெளியே கூட்டிப்போய், "ஒண்ணாச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்கம்மா, நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்க ஒருத்தருதானுங்க அப்படிச் சொல்றீங்க. இத்தனை சிஸ்டருங்க படிச்சுப்போட்டுத்தான இப்படிச் செய்யறாங்க. அவுங்களுக்குத் தெரியாததுங்களா எனக்குத் தெரிஞ்சுபோகும்?"

உள்ளே போய், மீதித் தட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போகப் பையில் வைத்துக் கட்டினார்.