ஒரு வீடுகூட விலகாத கட்டடம்

மருந்துக்கடையக்கா தேவையில்லாத மருந்தை யார் தலையிலும் கட்டியதில்லை. "இதுக்கு எதுக்கு மாத்திரை? வெந்நீர் குடிச்சுட்டுப் படுங்க" என்று சொல்லி வாடிக்கையை வாசலோடு திருப்பி அனுப்புகிறவளை எந்தக் கடை முதலாளிக்குப் பிடிக்கும்? அவருக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் அவள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தில் அந்தக் குணத்துக்கு இருந்த மரியாதையே வேறு. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் பின்னால் நாலு படித்தவர்கள் வந்து, காலணா செலவில்லாமல் அள்ளிக்கொண்டு போனார்கள்.

கட்டடத்தின் வியாதி ஈரம். மழை பிடித்தால் சுவர் உள்பக்கமாக வியர்க்கும். மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சை ஏறும். துடைத்தால் போகும், அடுத்த வாரமே திரும்பி வந்து உட்காரும். அக்காவின் ஒரே மகளுக்கு வீசிங். கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்திப் பார்த்தாள், பூஞ்சையும் கூடவே நகர்ந்தது. வீட்டுவசதி அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டும் யாரும் அசையவில்லை. அவர்களுக்கென்ன, அவர்கள் சுவர் காய்ந்திருந்தது.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி வந்தது. சமூகவியல், கட்டடக்கலை, பொறியியல், கணினி என்று நாலு துறையும் கைகோத்து நடத்தும் ஒரே திட்டம். இந்தக் கட்டடமும், இதே அச்சில் வார்த்த மாதிரி எதிரே நிற்கும் கட்டடமும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தன. ஈரத்துக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். அக்காவைக் கேட்டிருந்தால் இருமல் மருந்து விற்கிற கணக்கை வைத்தே கவுண்டரில் நின்றபடி சொல்லியிருப்பாள். ஆனால் அவள் சொன்னால் அது புலம்பல், அவர்கள் சொன்னால் அது ஆதாரம். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

வந்தவர்களுக்கு அவளே பெயர் வைத்தாள். சமூகவியல் பெண் கேள்விக்காரி. வயது குறைவு, முகத்தில் களை, கையில் எப்போதும் ஒரு கேள்வி. "இந்த வீடு உங்களோடதுங்கற உணர்வு எவ்வளவு இருக்கு அக்கா? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"வாடகை கட்டுற அன்னைக்கு ஒண்ணு. மத்த நாளைக்கு மூணு போட்டுக்கோ."

கட்டடக்கலைக்காரர் டேப்பும் கையுமாக ஜன்னலை அளந்துவிட்டு வெயில் எங்கே விழும் என்று கேட்டார். "எதிர் பில்டிங் மேலதான் சார் விழுது" என்றாள். பொறியியல் பேராசிரியர்தான் எல்லாருக்கும் தலைவர். அவர் ஒரு சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டி, டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்டார். சுவர் என்ன சொன்னதோ, தலையை மட்டும் ஆட்டினார். கணினித் துறைப் பையன் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு வெள்ளைப் பெட்டியைத் திருகி வைத்தான். ஈரத்தையும் சூட்டையும் இருமல் சத்தத்தையும் அது இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்குமாம்.

"இது உங்க வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கும் அக்கா."

"அது கத்துக்கட்டும்" என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த மகள். "நான் மூச்சு விட எப்ப கத்துக்கறது?"

பெட்டித் தம்பி சிரித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, அது சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

ஒரு நிபந்தனை இருந்தது. ஆராய்ச்சி முடியும்வரை சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது. வர்ணம் பூசக் கூடாது, பூச்சு போடக் கூடாது, இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கேள்விக்காரி கையைப் பிசைந்துகொண்டு மாடிப்படியில் நின்றாள்.

"ஆதாரம் இல்லாம யாரும் பணம் ஒதுக்க மாட்டாங்க அக்கா. இந்த ரெண்டு பில்டிங்கும் சரியாகணும்னா இதுதான் வழி."

அக்கா வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், குழந்தைகளின் இருமலை நினைவுபடுத்தினாள். பிடிகொடுக்காமல் நின்றவர் மேல்மாடி டிரைவர் பெரியப்பா ஒருவர்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நெஞ்சில் சளி கட்டிய மனுஷர். ஈரம் தாங்கும் பெயிண்ட் ஒரு டப்பாவும், சுவரைச் சுரண்ட ஒரு தகடும் அப்போதுதான் வாங்கி வைத்திருந்தார்.

"என் சுவரை நான் பாத்துக்கறேன்மா. நம்மள அளந்து இவங்களுக்கு என்ன ஆகணும்?"

"ஒரு வீடு மாறினாலும் கணக்கு தப்பாயிடுமாம் பெரியப்பா. உங்க ஒரு சுவருக்காக மொத்த பில்டிங்கும் கெடணுமா? கொஞ்ச காலம் பொறுங்க. எனக்காக."

அவர் அவளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "நீ சொல்றே. சரி."

முதல் மழைக்காலம் வருவதற்குள் எதிர்க்கட்டடத்தில் சாரம் கட்டினார்கள். பழைய பூச்சைக் கொத்தித் தள்ளி, புதுக்குழாய் போட்டு, ஜன்னலை மாற்றி, மணமகள் மாதிரி ஆக்கிவிட்டார்கள். "அடுத்தது நாமதானே அக்கா?" என்று மருந்து வாங்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். "நாமதான். கட்டம் கட்டமா செய்வாங்க" என்றாள். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவளாகவே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நல்லவர்களுக்கு இது ஒரு நோய். எதிராளி வாயைத் திறக்காவிட்டால் அவன் சார்பில் நல்லதாக ஒன்றை இவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

இரண்டாவது மழைக்காலத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். அந்த வாரமே டிரைவர் பெரியப்பாவும் இரண்டு வார்டு தள்ளிப் படுத்திருந்தார். கீழ்வீட்டுக்காரர்கள் பொறுமை இழந்து பெட்டியைக் கழற்றப் போனபோது, ஆஸ்பத்திரியிலிருந்தே போன் போட்டு அவர்களைத் தடுத்தவள் யார்? இவள்தான். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இப்பப் போய்க் கெடுக்காதீங்க" என்றாள்.

ஒருவழியாக முடிவை வெளியிடும் கூட்டம் வந்தது. குளிரூட்டிய அரங்கம், மெத்தை நாற்காலி. இருப்பதில் நல்ல உடுப்பாக எடுத்து உடுத்திக்கொண்டு போன அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேராசிரியர் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று, இருமல் குறையக் குறையக் கீழே இறங்கியது. அது பழுதுபார்த்த கட்டடம். இன்னொன்று மேலே மேலே ஏறியது.

"பழுது பார்க்காம விட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சாத்தானே பழுது பார்த்ததோட மதிப்பு தெரியும்? அதுக்காக வச்சிருந்த ஒப்பீட்டுக் கட்டடம் இது" என்றார். "எதிர்க்கட்டடத்துல ஆரம்பத்துலேயே சண்டை போட்டாங்க, விலகறேன்னாங்க. அவங்களுக்கு வேலையைச் செஞ்சு கொடுத்தாத்தான் இருப்பாங்கன்னு புரிஞ்சுது. இவங்க அப்படியில்லை. ஒண்ணுமே செய்யலைன்னாலும் இருப்பாங்கங்கற நம்பிக்கை எங்களுக்கு இருந்துச்சு. கடைசிவரைக்கும் ஒரு வீடுகூட விலகலை!"

ஏறுகிற கோட்டில் ஓரிடம் கூர்மையாகக் குத்தி நின்றது. பேராசிரியர் அங்கே சிவப்பு வெளிச்சத்தை வைத்தார். "இந்த இடம் ரொம்ப அழகா வந்திருக்கு."

அது இரண்டாவது மழைக்காலம். அவள் மகளின் முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டியிருந்த வாரம்.

பிறகு அவளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். இந்த ஒத்துழைப்புக்கெல்லாம் காரணம் இவர்தான் என்றார்கள். அரங்கமே கைதட்டியது. அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். ஏன் கும்பிட்டேன், ஏன் கும்பிட்டேன் என்று பிற்பாடு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெளியே நடைவழியில் கேள்விக்காரி பின்னாலேயே ஓடி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் அக்கா.

"சாரம் கட்டறதுக்கு முன்னாடியே தெரியும் அக்கா."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தப் பெண் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னாள். பிறகு குரலை இறக்கி, "இன்னும் ரெண்டு வருஷம் கேக்கறாங்க அக்கா. இருந்தீங்கன்னா முடிவுல உங்களுக்கும் செஞ்சு தருவாங்க. இப்ப விலகினா உங்க பில்டிங்குக்குன்னு எந்தப் பணமும் வராது. நீங்க சொன்னா எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க" என்றாள்.

"போடுவாங்க" என்றாள் அக்கா. "அதுதான் எனக்கு பயமா இருக்கு."

வீட்டுக்கு வந்தபோது மாடிப்படி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "எப்ப அக்கா சாரம் கட்டறாங்க?" அடுத்தது நாமதான் என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, கேட்டதையெல்லாம் கேட்டபடியே சொன்னாள். இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் என்ன, விலகினால் என்ன என்பதையும் மறைக்கவில்லை. யாராவது திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை. எழுந்து, துணியைத் தட்டிவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கதவுகள் சாத்தும் சத்தம் மட்டும் மாடி மாடியாகக் கேட்டது.

டிரைவர் பெரியப்பா மட்டும் போகவில்லை. மூச்சு வாங்க மேலே ஏறி, கட்டிலுக்கு அடியிலிருந்த டப்பாவையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். மூடியை நெம்பித் திறந்தார்கள். உள்ளே பெயிண்ட் இல்லை, கட்டி தட்டிய ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அவர் அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"இது போச்சு. வேற வாங்கிக்கலாம்" என்றார். "இல்ல, இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்கலாம்னு சொன்னாலும் சரிம்மா. நீ சொல்றதுதான்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். இரண்டு வருஷம் ஏமாற்றியவர்கள் மேல் வந்த ஆத்திரத்தைவிட, இன்னமும் நம்புகிற இந்த மனுஷரைப் பார்த்தபோது வந்த வேதனைதான் அவளுக்குத் தாங்கவில்லை. "இனிமே நான் சொல்றதைக் கேக்காதீங்க பெரியப்பா" என்று கத்தியேவிட்டாள். அவர் கையிலிருந்த தகட்டைப் பிடுங்கிக்கொண்டு மகளின் அறைக்குள் போனாள். சுவரைச் சுரண்ட வேண்டுமென்றால் முதலில் பெட்டி போக வேண்டும். திருகாணியைக் கழற்றினாள், பெட்டியை இழுத்தாள், வயரைப் பிடுங்கினாள். அதன் சின்னப் பச்சை விளக்கு அணைந்தது.

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்வதற்குள் போன் அடித்தது. பெட்டித் தம்பி.

"அக்கா! உங்க வீட்டுலேருந்து ஒண்ணுமே வரலையே, என்னாச்சு? எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பெட்டியை யாரும் தொட வேணாம், இதோ கிளம்பிட்டேன்!"

குரலில் அப்படி ஒரு பதற்றம். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் அவள் இல்லாத அறையின் ஈரத்தை இந்தப் பெட்டி தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு முன் அவள் மூச்சுக்குத் தவித்து இருமிய இருமலையெல்லாம் அனுப்பியிருந்தது. அப்போது ஒரு போன் வரவில்லை.

"யாரும்மா?" என்றாள் மகள்.

"பெட்டிக்கு மூச்சு நின்னு போச்சாம்" என்றாள் அக்கா. "பதறிக்கிட்டு ஓடி வர்றாங்க."