வருஷம் தப்பிய ஸ்டிக்கர்

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. வழக்கமாகக் கூட்டுவேன், நான் பிடித்த மீன்கள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு சாண் வளர்ந்ததுண்டு. இது அப்படியில்லை. நடந்தது.

இண்டியானாவில் எங்கள் பக்கம், அடியில் புல்வெட்டி மாட்டிய பழைய தோட்டத்து டிராக்டரைப் புதுசாக்கிக் கண்காட்சிக்கு ஓட்டிப் போகாத கிழவன் கிடையாது. கோப்பை மட்டும் வருஷா வருஷம் என் மச்சான் வெர்லினுக்கே போகும். இந்த முறை அவனை விடுவதில்லை என்று, அறுபத்திமூன்றாம் வருட 'பிரேரி கிங்' ஒன்றை ஆர்லீன் என்ற விதவையிடம் வாங்கினேன். அவள் புருஷன் டெல்மரை நான் பார்த்ததே இல்லை.

பெயின்ட் முடிந்தது. ஸ்டிக்கர்தான் பாக்கி. ஒஹையோவில் ஒருவர் பழசைப் பார்த்து அச்சு அசலாக அடித்து அனுப்புவார். உறையைப் பிரித்தேன். கூடவே மஞ்சளாக ஒன்று வந்திருந்தது: 'பிளேடு சுற்றும்போது உள்ளே கையை விடாதே.'

வெர்லின் எட்டிப் பார்த்தான். "அதையும் ஒட்டு மச்சான்."

"யோவ், அறுபத்திமூணுல எச்சரிக்கை ஏது? அதெல்லாம் பத்து வருஷம் கழிச்சு வந்தது. நடுவர் மார்க்கைக் குறைச்சுடுவாரு."

"அதனாலதான் ஒட்டச் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். மஞ்சளைக் குப்பைக்கூடையில் போட்டு, ஷெட் கதவைச் சாத்தினேன். வெளியே பனி கொட்டியது. சாயங்காலம் நாலே கால்.

இன்ஜின் மூடியான பானட்டின் இடப்பக்கம் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். ஸ்டிக்கரை வைத்து, நகர்த்தி, நேராக்கி, ரப்பர் பட்டையால் நீரை வழித்தேன். ஒரு குமிழிகூட இல்லை. வலப்பக்கம் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு, துணியை எடுக்கத் திரும்பினேன்.

மறுபடி பார்த்தபோது அந்த ஈரத்தில் விரல் தடம். கட்டைவிரல். அப்புறம் இரண்டே விரல்.

என் கையைப் பார்த்தேன். ஐந்தும் இருந்தது.

துடைத்தேன். எங்கிருந்தோ புதினா மிட்டாய் வாசனை. நான் மிட்டாய் தின்பதில்லை... பல் இல்லை.

குனிந்தேன்.

அடியில் தொங்கும் புல்வெட்டியில், வெட்டிய புல் வந்து விழும் வாய்க்குப் பக்கத்தில், மஞ்சள் ஸ்டிக்கர். ஒட்டியிருந்தது. நேராக. ஈரமாக.

குப்பைக்கூடையில் அதன் பின்காகிதம் மட்டும் கிடந்தது.

ஈரமாக இருக்கும்போது ஸ்டிக்கர் வழுக்கிக்கொண்டு வரும். இது வரவில்லை. நாற்பது வருஷம் வெயிலில் காய்ந்தது போலப் பிடித்திருந்தது. கோப்பை கண்முன் வந்து போனது. தகடு ஆடாமலிருக்க இடது கையைப் புல்வெட்டியின் வாய்க்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சுரண்டினேன்.

யாரோ என் இடது மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

குளிர்ந்த ஈரம்.

வெடுக்கென்று வெளியே இழுத்தார்கள்.

விர்ர்ர்...

உள்ளே பிளேடு சுற்றியது.

இன்ஜின் மேஜைமேல் கிடந்தது. பெல்ட் ஆணியில் தொங்கியது.

விர்ர்ர்... ர்ர்... டக்.

நின்றது.

நான் வீட்டுக்குள் ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன் என்பதைத்தான் யாரும் நம்புவதில்லை.

ஸ்டிக்கரை மறுபடி தொடவில்லை. ஜூலை கண்காட்சியில் நடுவர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டு மார்க் போனது. ஒரு மார்க்கில் வெர்லின் ஜெயித்தான்.

"நான் சொன்னதைக் கேட்டதுக்கு நன்றி மச்சான்!" என்று முதுகில் தட்டினான்.

ஆர்லீன் வந்து வண்டியைத் தடவிப் பார்த்தாள். "அந்த வாய்க்குள்ளதாண்ணே அவருக்கு ரெண்டு விரல் போச்சு," என்றாள். அவள் பையில் புதினா மிட்டாய் இருந்தது. "அவரு எப்பவும் திங்கிறது. பழக்கம் விடல."

அன்றே ஒஹையோக்காரருக்குப் போன் போட்டேன். திட்டத்தான். டெல்மரின் வண்டி என்றதுமே குறுக்கிட்டார்.

"டெல்மரா? தெரியுமே. அவர் வண்டியைப் பார்த்துதான் உங்க செட்டையே வரைஞ்சேன். சாகறதுக்கு முந்தின வாரம்கூடக் கூப்பிட்டாரு. மஞ்சள் ஸ்டிக்கர் ஒண்ணு சேர்த்து அனுப்புங்க, இனி யார் ஓட்டுவாங்களோன்னு கெஞ்சினாரு. அந்த வருஷத்துக்கு அது கிடையாது, முடியாதுன்னுட்டேன்."

"அப்ப எனக்கு அனுப்பினது?"

அவர் ஆர்டர் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நான் அப்படி ஒண்ணு அச்சடிச்சதே இல்லையேண்ணே..."

கோப்பை வெர்லின் வீட்டில் இருக்கிறது. பத்து விரலும் என்னிடம் இருக்கின்றன.