க்வாபெனா கதவைச் சாத்திப் பேசிய ஞாயிறுகள்

க்வாபெனா ஜாமெரா செத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது; அடக்கம் இன்னும் நடக்கவில்லை. பிராங்க்ஸில் அவர் வீட்டுக் கூடத்தில் துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்புமாகத் துணி உடுத்தியவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து அவர் புகழ் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி அச்சியாவுக்கோ ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் வயிறு எரிந்தது.

புகழ்வதற்கு விஷயம் இல்லாமலில்லை. சொந்த ஊரான குமாசியில் படித்து வாங்கிய மருந்தாளுநர் பட்டத்தை இந்த ஊரில் யாரும் சீந்தவில்லை. மூன்று வருஷம் மருந்துக் கடையில் பெட்டி தூக்கினார், மறுபடி பரீட்சை எழுதினார், அதே கடையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். எழுத்துத் தெரியாத கிழவிகளின் மாத்திரைக் குப்பியில் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் தன் கையாலேயே வரைந்து கொடுப்பார். "சாப்டீங்களாம்மா? தூக்கம் வருதா?" என்று கால் மணி நேரம் குழைவார். மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. எல்லாம் சரி. வீட்டுக்குள் கால் வைத்ததும் மனுஷர் வாயில் பூட்டு விழுந்துவிடும். "சூப் எப்படி?" என்றால் "ம்." "புதுத் துணி நல்லாருக்கா?" என்றால் அதற்கும் "ம்." முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தை அச்சியா இந்த 'ம்'மை வைத்துக்கொண்டே ஓட்டினாள்.

அந்த வாய் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் திறக்கும். சர்ச்சுக்குப் போய் வந்து, கிழங்கை இடித்துப் பிசைந்த ஃபூஃபூவும் ஆட்டுக்கறி சூப்பும் சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வார். மறுமுனையில் குமாசியில் இருக்கும் அக்கா பிராகோ. முழுசாக ஒரு மணி நேரம். அச்சியா பாத்திரம் தேய்க்கிற சாக்கில் குழாயை ஒழுகவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். பேச்சு ஒன்றும் பிடிபடாது. சிரிப்பு மட்டும் கேட்கும். தன் சூப்பைக் குடித்துவிட்டு அவளிடம் போய்ச் சிரிக்கிறாரே என்று சட்டியைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பாள்.

இப்போது அந்தப் பிராகோவே வந்து இறங்கியிருந்தாள். அவர்கள் வழக்கப்படி, அடக்கத்தன்று வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பை எழுதும் உரிமை இறந்தவரின் தாய்வழிச் சொந்தத்துக்குத்தான். பெண்டாட்டி அந்த வம்சத்தில் சேர்த்தியில்லை. கடைசிப் பக்கத்தில் நாலு வரி அழுதுகொள்ளலாம், அவ்வளவுதான். பனி கொட்டிக் கண்ணால் கண்டிராத ஒருத்தி, பிராங்க்ஸில் வாழ்ந்தவரின் கதையை எழுதுவதாவது! எழுதட்டும், ஒரே ஒரு தப்பு கிடைத்தால்கூட சர்ச்சில் எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லிவிடுவது என்று அச்சியா தீர்மானித்திருந்தாள். அவருடைய வாழ்க்கை தன்னோடு நடந்ததா, டெலிபோனில் நடந்ததா என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

மறுநாள் காலையில் பிராகோ ஒரு பள்ளிக்கூட நோட்டோடு சமையலறைக்கு வந்தாள்.

"ஏ பொண்டாட்டி, இங்க வா," என்றாள். தம்பி மனைவியை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எழுதி முடிச்சாச்சு. நீ பாத்துட்டா அச்சுக்குக் குடுத்துடலாம்."

"நான் யாரு பாக்கறதுக்கு? அவர முழுசாத் தெரிஞ்சவங்க நீங்க. நான் ஆக்கிப் போட்டவ."

"உனக்கு வாய் நீளம்னு அவன் சொல்லுவான். குறைச்சுல்ல சொல்லியிருக்கான்!"

அச்சியா வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கினாள். முதல் பக்கம் பிறப்பு, படிப்பு. இரண்டாம் பக்கத்தில் கண் நின்றுவிட்டது. 'ஈஸ்டர் விருந்தில் மஞ்சள் துணி உடுத்தி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடிய பெண்ணைப் பார்த்தான். அன்றைக்கே எனக்குப் போன் செய்தான்.' அதற்குக் கீழே: 'மூத்தவன் பிறந்தபோது அவள் வலியில் கத்தியதைத் தாங்காமல் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான்.' வண்டியை நிறுத்தப் போனேன் என்றல்லவா அவளிடம் சொன்னார்! இன்னும் கீழே: 'அவள் சூப்பில் இஞ்சி தூக்கலாக இருக்கும். அப்புறம் வேறு யார் வைத்த சூப்பும் அவனுக்கு இறங்கவில்லை.'

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

"வேற யாரு? உன் புருஷன்தான். ஒரு மணி நேரமும் உன் பேச்சுதான். அம்மாவுக்கு முட்டி வலிடான்னு நான் வாயெடுத்தா, 'இரு அக்கா, நேத்து அச்சியா என்ன பண்ணா தெரியுமா'ம்பான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். என்னப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டானான்னு இருக்கும். எத்தன ஞாயிறு போனப் பட்டுன்னு வச்சிடலாமான்னு நெனச்சேன் தெரியுமா?"

"என்கிட்ட வெறும் 'ம்'முதானே..."

"உன்னப் பாத்தா பேச்சு வரலையாம். பேரன் எடுக்குற வயசுல என்னடா வெக்கம்னு திட்டுவேன்."

பத்து நாளாக வராத அழுகை அப்போதுதான் அச்சியாவுக்கு வந்தது. அழுதுகொண்டே ஆத்திரத்தில் மேஜையைத் தட்டினாள். "என் பேச்சு அது! எனக்கு வர வேண்டியதையெல்லாம் நீங்க தின்னுட்டீங்க!"

"தின்னேன்தான். வேண்டா வெறுப்பா தின்னேன்," என்று பிராகோவும் மூக்கைச் சிந்தினாள்.

அடக்கத்தன்று வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார்கள். அச்சியாவால் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் பிராகோ ஊருக்குத் திரும்பினாள். கூடவே அவர் பேசிய ஞாயிறுகள் மொத்தமும் போய்விட்டன என்பது விமானம் கிளம்பிய பிறகுதான் அச்சியாவுக்கு உறைத்தது.

வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகச் சாப்பிட்டுக் கை கழுவினாள். மூன்று மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத வீட்டில் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அந்த மஞ்சத் துணிக்கு அப்புறம் என்ன சொன்னாரு?"

"அவசரப்படாத பொண்டாட்டி," என்றாள் பிராகோ. "எல்லாத்தையும் இன்னிக்கே குடுத்துட்டா, அடுத்த ஞாயிறு எனக்கு யாரு போன் பண்ணுவா?"