நான் வெட்டிய பதினோரு விநாடி

எங்கள் தொழிலில் ஆளுக்கு முன்னால் சத்தம் வந்துவிடும். அன்றைக்கு முதலில் காதில் விழுந்தது, யாரோ தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்த சத்தம். வெளிநாட்டுத் தலைவர்கள் இங்கிலீஷில் பேசுவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது என் வேலை. அவர்களுக்குப் பகல், சேலத்து மலைமேல் கரடியூரில் எனக்கு ராத்திரி. ரேடியோ கேட்டுப் படித்த இங்கிலீஷ்தான் சோறு போடுகிறது. என்னைப் போலக் காதை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

கோட்டு

பிறகுதான் படம் வந்தது. சண்டை ஓய்ந்த இரண்டு நாடுகளின் சமாதான மாநாடு. டம்ளரை வைத்தவர் தோற்ற நாட்டின் புதுத் தலைவி. பதவிக்கு வந்து மூன்றே வாரம். காப்பி கொண்டுவந்த என் மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தம்மா கோட்டு இரவல் வாங்குனதாட்ட இருக்குது. கை நொம்ப நீளமுங்க."

சுத்தப் பிரதி

அந்தத் தலைவியின் நாட்டு வீரர்களைப் புதைத்த பள்ளத்தாக்கை எதிரிக்கு விட்டுக்கொடுத்தால்தான் சமாதானம். "கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்டார்கள். பதினோரு விநாடி பேச்சே இல்லை. டம்ளர் மறுபடி மேசையில் தட்டியது. அப்புறம், "போடுவேன்."

இருமல், தயக்கம், இடைவெளி எல்லாவற்றையும் எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். எடுத்தேன். சேலத்திலிருந்து சரிபார்க்கும் செந்தில் போன் செய்தான்.

"அண்ணா, துடைச்சு வெச்ச மாதிரி இருக்குதுங்க!"

திரும்பி வந்தது

மறுநாள் தலைவியின் நாட்டுச் சபைப் பேச்சும் என்னிடமே வந்தது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் நான் அடித்த தாளை ஆட்டி ஆட்டி வாசித்தார்: "கேட்ட கேள்விக்கு அடுத்த வார்த்தையே 'போடுவேன்'. செத்தவர்களுக்காக ஒரு மூச்சு யோசித்தாரா?" வெள்ளிக்கிழமை தலைவியை நீக்க ஓட்டெடுப்பு என்று முடிவானது.

செந்திலைக் கூப்பிட்டு, அந்த மௌனத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அனுப்புன பிரதி அனுப்புனதுதானுங்கண்ணா. பேசாத பேச்சுக்கு யாருங்க திருத்தம் போடுவாங்க?"

விடைபெறல்

வெள்ளிக்கிழமை தலைவியின் பதவி போயிற்று. அந்தத் தாள் இல்லாவிட்டாலும் போயிருக்கலாம், எனக்குத் தெரியாது. அவர் விடைபெற்ற பேச்சை அடிக்கும்போது, நிறுத்திய இடமெல்லாம் விநாடி எண்ணி எழுதினேன். செந்தில் அத்தனையையும் துடைத்துவிட்டான். விடிந்ததும் நடந்ததை ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"அந்தம்மா சும்மா இருந்தது உங்க காதுல உழுந்துச்சல்ல? அன்னைக்கே எழுதியிருந்தா என்னங்க?"

சொன்னதையெல்லாம் பிழையில்லாமல் எழுதிப் பேர் வாங்கிய நான், சொல்லாததைக் கேட்ட அந்த ஒரு நாளில் கோட்டைவிட்டேன் என்று நினைத்தபடி, வாசலில் காயப்போட்டு ஒரு பக்கமே காய்ந்து கிடந்த காப்பிப் பழத்தைப் புரட்டிவிடப் போனேன்.