சந்திரவதனாவும் ஊடாக் காயும்

ரெக்ஸ்டேலில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால் முதல் ஃபோன் தாய்வீட்டுக்கு, இரண்டாவது சந்திரவதனாவுக்கு. விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைப்பது அவள் வேலை. பெயர் வாங்கிக் கொடுத்தது மட்டும் அவளுடைய சரக்குக்கறி. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மஞ்சள் எல்லாம் வறுத்து, உள்ளியோடு பட்டுப்போல அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கென்றே வைக்கிற கறி. வயிற்றுப் புண்ணை ஆற்றும், பால் சுரக்கவைக்கும் என்பது அவள் கட்சி. அதை யாராவது மறுத்துப் பேசினால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அப்படிப்பட்டவளின் சொந்த மருமகளே அந்தக் கறியைச் சாப்பிடவில்லை.

மருமகள் எமில்டா நைஜீரியாக்காரி. மகன் லவனோடு ஒரே இடத்தில் வேலை செய்தவள். குரல் உயர்த்தத் தெரியாத நல்ல பிள்ளை. குழந்தையோடு வீட்டுக்கு வந்த நாள் முதல், மாமி நீட்டும் கோப்பையை மரியாதையாக வாங்குவாள். இரண்டு வாய் சாப்பிடுவாள். "காணும் மாமி, நல்லா இருக்கு" என்று, போதுமென்ற பாவனையில் கோப்பையை வைத்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். மிச்சக் கறி ஆறிக் கிடக்கும். பால் போதாமல் குழந்தை வீரிட்டழும். பச்சை உடம்புக்காரி இப்படி விருந்தாளி மாதிரிக் கொறிக்கிறாளே என்று சந்திரவதனாவின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"அவளுக்கு என்னதான் வேணுமாம்? கேட்டுச் சொல்லு லவன்."

"தாய்க்கு விசா கிடைக்கேல்லை எல்லே அம்மா. அவ வந்திருந்தா ஊடா எண்டு ஒரு காய் போட்டு ஆட்டிறைச்சி சூப் வச்சுக் குடுப்பாவாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுறாள்."

"அட, அவையளும் சரக்குப் போடுறவையோ!"

அவள் மீன் வாங்கும் கடைக்கு அடுத்த கதவு ஆபிரிக்கக் கடை. இத்தனை வருஷமாகத் தாண்டியே போன கதவை அடுத்த நாள் திறந்தாள். கடைக்காரி வேரோனிக்கா, கறுத்துச் சுருங்கிய சின்னக் காய்களை எடுத்து வைத்தாள். மிளகும் புகையும் கலந்த மணம். பிள்ளை பெற்றவளின் வயிற்றைச் சூடாக்கும், பழைய இரத்தத்தைப் போக்கும் என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, சந்திரவதனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்படிப் போடுவது என்று வேரோனிக்கா தொடங்கியபோதுதான், "ஐ நோ, ஐ நோ" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். சரக்கைப் பற்றி அவளுக்கே பாடமா?

வீட்டுக்கு வந்து காயையும் விதையையும் ஒன்றாக வறுத்து மாவாக அரைத்தாள். சூப்பில் தாராளமாகக் கொட்டினாள். ருசி பார்க்கவில்லை. பத்தியச் சாப்பாட்டில் முதல் வாய் பிள்ளை பெற்றவளுக்கு என்பது அவள் சட்டம்.

மணம் வந்ததுமே எமில்டா எழுந்து உட்கார்ந்தாள். ஆசையோடு ஒரு வாய் குடித்தாள். முகம் கோணிப்போயிற்று.

இதோ "காணும் மாமி" வரப்போகிறது என்று சந்திரவதனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாமி!"

கோப்பை மேசையில் டக்கென்று விழுந்தது. பிறகு ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள் எமில்டா. ஊடாவை யாராவது அரைப்பார்களா? தட்டி முழுசாகப் போட்டு, கொதித்த பிறகு எடுத்து எறிய வேண்டாமா? மணமெல்லாம் தோலில்தானே, விதை வெறும் கசப்பு! நல்ல இறைச்சியை நாசமாக்கிவிட்டீர்களே!

லவன் வாசலுக்கு ஓடி வந்தான். சந்திரவதனா ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தாள்.

"சீ, கச்சல்!"

அவள்தான் முதலில் சிரித்தாள். எமில்டாவும் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மிச்சக் காய் கிடக்கு பிள்ளை. வந்து எப்பிடியெண்டு காட்டு."

லவன் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. எமில்டா குசினிக் கதிரையில் உட்கார்ந்து அதிகாரம் பண்ண, மாமி சமைத்தாள். அந்த சூப்பில் இரண்டு கோப்பை உள்ளே போயிற்று. எலும்பைக்கூட மருமகள் விட்டுவைக்கவில்லை.

பின்னேரம் சந்திரவதனா தங்கைக்கு ஃபோன் எடுத்தாள்.

"இண்டைக்கு என்ரை மருமகள் எனக்கு நல்லா ஏசிப்போட்டாள்."

"உனக்கோ? என்னக்கா சொல்லுறாய்?"

"ஓமடி," என்றாள் சந்திரவதனா. குரலில் அப்படியொரு பெருமை. "பெத்த தாய்க்கு ஏசுற மாதிரி ஏசினவள்."