அக்கா மீட்ட உப்பு வயல்

எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டான அக்காவை நினைத்தால், முதலில் கண்முன் வருவது அவரது கோணல் மணிக்கட்டுதான். அந்தக் கையைச் சொல்லாமல் அக்காவைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அக்கா பிறந்தது கடலூர் முதுநகரில். அப்பா காலமான பின், சிதம்பரத்துக்குக் கிழக்கே அம்மாவின் பங்காக வந்த நிலம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ஒரு புயலில் அதில் கடல்நீர் ஏறியது. வடிந்த பிறகு மண் வெளுத்து இறுகிக் கிடந்தது. நட்டதெல்லாம் கருகியது. இறால் பண்ணைக்குக் கேட்டவர்களிடம் விற்றுவிட அம்மா சம்மதித்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு போகம் என்று மன்றாடித் தவணை வாங்கினார் அக்கா.

உப்பேறிய மண்ணைத் திருத்த, பெரம்பலூர்ப் பக்கம் பள்ளம் தோண்டி எடுக்கும் ஜிப்சம் லாரியில் வந்து இறங்கியது. நகம் பட்டாலே கோடு விழும் மெத்தென்ற கல்லைப் பொடியாக்கி மூட்டை கட்டியிருந்தார்கள். ஊரில் பலர் அதை உரம்போலத் தூவிவிட்டுக் காத்திருந்தார்கள். பலனில்லை. அக்கா வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்து வந்தார். மண்ணைப் பிடித்திருக்கும் உப்பை ஜிப்சம் கழற்றித்தான் விடுமாம். தண்ணீர் கட்டி வடித்தால்தான் அது வயலை விட்டுப் போகுமாம்.

வடிகாலோ மாமாவின் நிலத்து வழியாகப் போனது. அம்மாவின் அண்ணனான அவர் அதை மண் போட்டு அடைத்திருந்தார்.

"உன் உப்பு என் நாத்தங்கால்ல பாயணுமா?" என்றார்.

அவர் பயத்தில் தப்பில்லை. ஆனால் வாய்க்கால் தண்ணீரை நிறுத்தும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்கிடையே மூட்டை இறக்கும்போது வரப்பில் வழுக்கி அக்காவின் இடது மணிக்கட்டு முறிந்தது. சிதம்பரத்தில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அதுவும் சுட்டுப் பொடித்த ஜிப்சம்தான். நனையக் கூடாது என்று அனுப்பினார்கள்.

பிடிவாதத்தில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. நாற்றங்காலைத் தொடாமல் மாமாவின் வரப்போரமாகப் புது வடிகால் வெட்ட ஒற்றைக் கையோடு சேற்றில் இறங்கிவிட்டார். மாமா மண்வெட்டியோடு வருவதைப் பார்த்ததும் நான் ஓடிப்போய் அக்கா பக்கத்தில் நின்றேன். அவர் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாவுக்கட்டு ஊறிக் கரைந்து தொங்கியது.

"மேல ஏறும்மா."

"நான் ஏறிட்டா வேல நின்னுடும் மாமா."

"நிக்காது. ஏறு."

தம் வரப்பையே ஒதுக்கிக் கொடுத்து, பொழுது சாயும்வரை மாமாவே வெட்டினார். அன்று மாலை எங்கள் வயலின் உப்புத் தண்ணீர் வெளியேறியது. திரும்பத் திரும்பக் கட்டி வடித்தோம். அந்தப் போகத்தில் பயிர் பச்சை பிடித்தது. நிலம் கைவிட்டுப் போகவில்லை. என் படிப்பும் கல்யாணமும் அதிலிருந்துதான் வந்தன. அக்காவின் கை மட்டும் கோணலாகவே கூடியது.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதாகி அக்கா மிகவும் துன்பப்பட்டார். மருத்துவமனைக்குத் துணையாக வந்தவர்கள், இரத்தம் கொடுத்த பிள்ளைகள், பந்தலில் நின்று பார்த்துக்கொண்ட ஊரார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

மாமாவுக்கு மட்டும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வாய்க்கரிசி போடும்போது தள்ளாத வயதில் குனிந்து, அந்தக் கோணல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்ற நான் கேட்டேன்.

"இந்தாம்மா. உன் நெலத்து அரிசி."